அறுபத்தொன்றாவது பிள்ளை

ஜூன் 10, திங்கள்

சுண்டக்கா, இன்றைக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். நான் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் அப்பா ஷேர் ஆட்டோவை எடுக்கும்போது, "வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணப் போற, போய்ட்டு வா" என்றார். என்னை வெளியே அனுப்புவதில் அவருக்கு என்ன அவசரமோ. போனேன்.

சத்துணவுச் சமையல்கட்டு அப்படியே இருக்கிறது. சிலிண்டருக்குப் பின்னால் பூனை குட்டி போட்டிருக்கிறது. பாக்கியம் அக்கா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி களைய ஆரம்பித்தது. அழுததா, அழுகிற மாதிரி காட்டியதா, தெரியாது. இந்த வருஷமும் அதே வேலைதான். அது கிண்டும். நான் நறுக்குவேன், கழுவுவேன், தட்டில் போடுவேன்.

பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். கால்வாய் ஓரத்துக் குடிசைகளை லீவில் இடித்து, அங்கே இருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உன்னோடு நொண்டி ஆடுகிற பிரியங்கா இல்லை. அவள் தம்பியும் இல்லை. கையில் கொஞ்சம் காசு இருக்கிறவர்கள் தெருமுனையில் இங்கிலீஷ் ஸ்கூல் வேனுக்கு நிற்கிறார்கள். மீதி நம்மைப் போல. அப்புறம் மேம்பாலம் கட்ட வந்திருக்கிற வடநாட்டுக்காரர்களின் பிள்ளைகள் நாலைந்து.

எச்.எம். அம்மா கேட்டில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டிருந்தார்கள், ஆடு வாங்க வந்த ஆள் மாதிரி. என்னைப் பார்த்ததும் எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்கள். ஏன்?

ஜூன் 11, செவ்வாய்

குடிக்கிற தண்ணீரை ரெண்டு தடவை கொதிக்க வைத்தேன். கேஸ் வீணாகிறது என்று பாக்கியம் அக்கா முணுமுணுத்தது. காமாலை தண்ணீரில்தான் வந்தது என்று டாக்டர் சொன்னது அதற்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கேஸ் கணக்குப் பார்க்கிறது.

ஜூன் 12, புதன்

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ரெண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும். போன வருஷம் மாதிரியே ஒரே அறை, ஒரே டீச்சர். நடுவில் இருக்கிற ஜன்னலுக்குக் கதவு கிடையாது, கம்பி மட்டும்தான் என்பது உனக்குத் தெரியும். திறந்த பிறகு இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஹெப்சிபா டீச்சர் பேர் கூப்பிட்டார்கள்.

பவித்ரா. உள்ளேன் அம்மா.

பிரதிக்ஷா.

உள்ளேன் அம்மா.

முகேஷ். உள்ளேன் அம்மா.

நான் எழுந்து ஜன்னலிடம் போனேன். உள்ளே வெளிச்சம் கம்மி. டீச்சர் முகம் மட்டும் தெரிந்தது. அவர்கள் என்னைப் பார்த்தார்கள், பார்த்ததும் குனிந்துகொண்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் கத்தி கீழே விழுந்தது.

எனக்குத்தான் நீ சுண்டக்கா, பள்ளிக்கூடத்தில் பிரதிக்ஷா. உன் அப்பா பேர் ராசி பார்க்கிறவரிடம் கேட்டு வைத்த பேர் அது. அதில் வருகிற க்ஷ எழுத்து எனக்கு வராது. நீதான் என் விரலைப் பிடித்து எழுத வைத்தாய். அப்படிப்பட்ட பேரை யாரோ எடுத்துக்கொண்டு 'உள்ளேன்' என்கிறார்கள்.

நீ சொல்லும்போது இப்படியா இருக்கும்? நீ கத்துவாய். "ஏன் கத்தற, சமையல்கட்டு வரைக்கும் கேக்குது" என்று டீச்சர் தினமும் திட்டுவார்கள். நீ மறுநாளும் கத்துவாய்.

ஜூன் 13, வியாழன்

இன்றும் கூப்பிட்டார்கள். இன்றும் பதில் வந்தது. மெல்லிய குரல். 'ள்' வராமல் 'உல்லேன்' என்கிறது. நம் தெருப் பிள்ளை இல்லை.

பாக்கியம் அக்காவுக்குக் கேட்கவில்லையாம். "பருப்பு விசில் சத்தத்துல எனுக்கு என்னாடி கேக்கும்" என்றது. விசில் வந்தது அதற்கு அப்புறம்தான்.

ஜூன் 14, வெள்ளி

தண்ணீர் கொடுக்கிற சாக்கில் ஹெப்சிபா டீச்சரிடம் போய்க் கேட்டேன். "டீச்சர், பவித்ராவுக்கு அடுத்தாப்ல யாரு பேரு கூப்டீங்க?"

டீச்சர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். "தண்ணி ரொம்ப சூடா இருக்கேக்கா" என்றார்கள்.

"கொதிக்க வெச்சது. சூடாத்தான் இருக்கும்."

"ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டார்கள். குடிக்கவே இல்லை. மடியில் கனம் இல்லாதவர் இப்படி ஓடுவாரா?

ஜூன் 18, செவ்வாய்

இனிமேல் சீக்கிரம் போய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். பேர் கூப்பிடுவதற்கு முன்னால் ஜன்னல் பக்கத்து வேலையாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். கீரை ஆய்வது, தட்டு துடைப்பது. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான். குழாயை மூடிவிட்டுக் கேட்கிறேன்.

பாக்கியம் அக்காவின் வாயைக் கிளறினேன். கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"உனக்குத் தெரியாதா? ஸ்ட்ரென்த்துடி. அறுபதுக்கு மேல ஒரு புள்ள இருந்தாத்தான் மூணு டீச்சரு. அறுபதோட நின்னா ரெண்டுதான். ஹெப்சிபா டீச்சருதான் கடைசியா வந்துது, அதத்தான் வேற ஸ்கூலுக்குத் தூக்குவாங்க. அப்பால இருக்கற ரெண்டு பேரும் அஞ்சு கிளாஸையும் மூட்டையாக் கட்டி உக்கார வெக்கணும். ஆகஸ்ட் ஒண்ணாந் தேதி கணக்கு எடுப்பாங்க."

"இப்ப எத்தினி இருக்குது?"

"அறுபத்தொண்ணுன்னு பேசிக்கினாங்க."

உன்னை எடுத்துவிட்டால் அறுபது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. சுண்டக்கா, இவர்களுக்கு நீ அந்த ஒரு ஆள். உன்னைக் காட்டி வேலையைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். உன் காரியத்துக்கு எச்.எம். அம்மா மாலை வாங்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்களே. அப்போதே மனதில் எண்ணிக்கொண்டிருந்தார்களோ என்னவோ.

ஜூன் 19, புதன்

உன் அப்பாவிடம் சொன்னேன். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே, "பேர்தான, இருந்துட்டுப் போவட்டுமே" என்றார்.

"உன் பேர வெச்சி எவனாச்சும் ஓட்டு போட்டா சும்மா இருப்பியா?"

தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்து, "அந்தப் பேப்பரு ரெடியா இருக்குதாம். வார்டு ஆபீஸ்ல ரெண்டு பேரும் போய்க் கையெழுத்து போட்டு வாங்கணும். நாளைக்குப் போலாமா?" என்றார்.

எதற்கு அந்தப் பேப்பர்? யார் சொல்லிக் கொடுத்துக் கேட்கிறார்? எச்.எம். அம்மா இவர் ஆட்டோவில்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறார்கள்.

எனக்கு முட்டி வலி. வரமுடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

பார்த்துவிட்டேன்.

உன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. எதிர் மூலையில், சுவரில் நீ ஆணியால் கீறிய மீன் இருக்கிற இடத்தில். மற்ற பிள்ளைகள் யாரும் அந்த இடத்தில் உட்காராமல் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். இது மட்டும் புதுசு, ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. வடநாட்டுப் பெண். எண்ணெய் வழிகிற தலை, ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் கிளிப். யூனிஃபார்ம் இல்லை. பேர் கூப்பிட்டதும் முதுகை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறது.

டீச்சர் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் தானாகத் தெரியுமா?

ஜூன் 24, திங்கள்

தக்காளி சாதம், முட்டை. வேகும்போது ஒரு முட்டை உடைந்துவிட்டது. அதனால் அந்த வடநாட்டுப் பெண்ணுக்கு இல்லை. பூனைக்குப் போட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

இன்றும் ஒரு முட்டை உடைந்தது.

ஜூன் 28, வெள்ளி

பாக்கியம் அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பியது. "ஏண்டி கோமளா, அது இன்னா தெனம் ஒண்ணே ஒண்ணு உடையுது? அதுவும் அந்தப் புள்ள தட்டு நீட்டும்போதுதான் உடையுது? முட்டைக்குக் கண்ணு இருக்குதா?"

"பழைய முட்டையா அனுப்புறானுங்க."

"பூனை பெருத்துக்கினே போவுது. அதுக்கு மட்டும் புது முட்டை போல."

அந்தப் பிள்ளை ஒன்றும் கேட்பதில்லை. சாதத்தை வாங்கிக்கொண்டு கொஞ்சம் நிற்கும். அப்புறம் போய்விடும். கேட்காதது அதன் தந்திரம்.

ஜூலை 3, புதன்

எச்.எம். அம்மா சமையல்கட்டுக்கு வந்தார்கள். போன வருஷமெல்லாம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வாசலில் நின்றபடி, "கோமளா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார்கள்.

"கேளுங்கம்மா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள், மாட்டிக்கொண்டார்கள். சாம்பாரில் ஒரு சொட்டு கையில் வாங்கி நக்கிப் பார்த்தார்கள். "உப்பு சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

போன வாரமும் இதே மாதிரி வந்து உப்புப் பார்த்தார்கள். உப்புக்குக் கவலைப்படுகிற முகமா அது? என் வாயை அடைக்க வழி தேடுகிறார்கள்.

ஜூலை 8, திங்கள்

இடைவேளையில் பிள்ளைகள் மைதானத்தில் "ஏய் உள்ளேன், ஓடியா! உள்ளேன் அவுட்டு!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். என்னடா விளையாட்டு இது என்று எட்டிப் பார்த்தேன். அந்த வடநாட்டுப் பெண்ணைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள். முகேஷைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவளுக்கு அது ஒண்ணுதான் ஆயா தமிழ் தெரியும். எது கேட்டாலும் உள்ளேன் அம்மான்னுவா. அதான் அவ பேரே உள்ளேன்."

"நெஜப் பேரு இன்னாடா?"

"தெரியாது. டீச்சர் கூப்ட்டதே இல்ல."

ஜூலை 12, வெள்ளி

உன் அப்பா மறுபடியும் பேப்பர் பேச்சை எடுத்தார். இரண்டு முட்டியும் வலிக்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டேன். அவர் வெளியில் ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டார். சவாரி போகவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 14, ஞாயிறு

இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று மேம்பாலத்துக்குக் கீழே இருக்கிற தகரக் கொட்டகைக்குப் போனேன். முட்டி அவ்வளவாக வலிக்கவில்லை.

அந்தப் பெண்தான் முதலில் என்னைப் பார்த்தது. உள்ளே ஓடி, தன் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்து, என்னைக் காட்டி "அண்டா, அண்டா" என்றது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பொடிசு, என்னைப் பார்த்து அண்டா என்கிறதே, அவ்வளவு பெருத்தா போய்விட்டேன்?

அந்த அம்மா பேர் பபிதா. வந்து மூன்று வருஷம் ஆகிறதாம், தமிழ் உடைத்து உடைத்துப் பேசுகிறது. சிரித்துக்கொண்டே, "அண்டா, எங்க பாஷை முட்டை. நீங்க முட்டை அம்மா. ஸ்கூல்ல சாப்பாடு போடுற அம்மா. உக்காரு தீதி" என்றது. தீதி என்றால் அக்காவாம். பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டது.

நான் உட்காரவில்லை. "உன் பொண்ணு இன்னாத்துக்கு எம்பொண்ணு பேருக்குக் குரல் குடுக்குது?"

"பேர்? என்ன பேர்?"

"பிரதிக்ஷா."

அது புரியாமல் விழித்தது. அப்புறம் மறுபடியும் சிரித்தது. "அது பேர் இல்லே தீதி. பிரதிக்ஷா, எங்க பாஷையில, காத்திரு. ஸ்டேஷன்ல மைக்ல சொல்லும்ல, வண்டி லேட்டு, பிரதிக்ஷா கரேன், காத்திருங்க. என் பொண்ணு ரிங்கிக்கு ஸ்கூல்ல இன்னும் பேர் எழுதலே. டீச்சர் எல்லார் பேரும் கூப்பிடுறாங்க. ரிங்கி டர்ன் வந்தா மட்டும் சொல்றாங்க, பிரதிக்ஷா. நீ காத்திரு. ரிங்கி சொல்றா, உல்லேன் அம்மா. இருக்கேன் அம்மா, காத்திருக்கேன்."

நான் வாளியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நல்ல டீச்சர்" என்றது பபிதா. "தினம் மறக்காம சொல்றாங்க. நான் ரிங்கிகிட்ட சொன்னேன், லீவு போடாதே. நீ போகாத நாள்ல உன் பேர் கூப்பிட்டா என்ன பண்ணுவே? காய்ச்சல்ல கூட போச்சு தீதி."

அந்தப் பெண் அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிளிப் இன்றைக்கு இன்னொரு பக்கம்.

"உங்க பொண்ணு எந்த கிளாஸ் தீதி?"

"மூணு."

"அப்போ ரிங்கி பக்கத்துலயா?"

"ஆமா" என்றேன். "பக்கத்துலதான்."

டீ கொடுத்தது. இஞ்சி அதிகம். தண்ணீர் கொதித்ததா என்று கேட்காமலேயே குடித்திருக்கிறேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

பபிதா சொன்னது நிஜமா, இல்லை எனக்காகக் கட்டிய கதையா? உன் அப்பாவிடம், "நம்ப பொண்ணு பேருக்கு அர்த்தம் தெரியுமாய்யா?" என்று கேட்டேன். "கூட்டு எண்ணு நல்லா வருதுன்னான், வெச்சேன்" என்றார்.

ஜூலை 15, திங்கள்

இன்று முட்டை எதுவும் உடையவில்லை. பூனை என் காலையே சுற்றிச் சுற்றி வந்து கத்தியது.

ஜூலை 18, வியாழன்

சொல்லிவிடலாம் என்று எச்.எம். அம்மா அறை வரைக்கும் போனேன். என் பொண்ணு பேரை எடுத்துடுங்க என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாசலில் நின்றேன். "என்ன கோமளா?" என்றார்கள்.

"உப்பு தீர்ந்துபோச்சும்மா" என்றேன்.

அரை மூட்டை உப்பு இருக்கிறது.

ஜூலை 23, செவ்வாய்

பவித்ரா வரவில்லை. காய்ச்சலாம். டீச்சர் பவித்ரா என்றார்கள், சத்தம் இல்லை. உடனே அடுத்த பேருக்குப் போகாமல் கொஞ்சம் நின்றார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் உரித்த வெங்காயத்தையே மறுபடியும் உரித்தேன். பேர் கூப்பிட்டு யாரும் பதில் சொல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் கேட்டேன்.

அப்புறம் பிரதிக்ஷா. உல்லேன் அம்மா.

குழாயைத் திறந்துவிட்டேன்.

ஜூலை 29, திங்கள்

ஒண்ணாந் தேதிக் கணக்குக்காக நாளை மறுநாளே ஆபீசர் வருகிறாராம், தலை எண்ண. எச்.எம். அம்மா பாக்கியம் அக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்: அன்றைக்குக் கோமளா லீவு எடுத்துக்கொள்ளட்டும், முட்டி வலி என்று கேள்விப்பட்டேன் என்று. என் முட்டியைப் பற்றி அவர்களுக்கு யார் சொன்னது? ஷேர் ஆட்டோதான், வேறு யார்.

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு ஹெப்சிபா டீச்சரே வந்தார்கள். தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கழுவிய தட்டைத் துடைக்க ஆரம்பித்தார்கள். நான் தடுக்கவில்லை.

"அக்கா, மொத நாள் வாய் தவறித்தான் கூப்ட்டேன். போன வருஷப் பழக்கம். கூப்ட்டதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணு சொல்லிடுச்சு. வரிசையில எல்லாரும் சொல்றாங்க, தன் முறை வந்துச்சுன்னு நெனச்சு அதுவும் சொல்லிடுச்சு. மறுநாளே நிறுத்தியிருப்பேன்."

"இன்னாத்துக்கு நிறுத்தல? அறுபத்தொண்ணு வேணுமே, அதுக்கா?"

டீச்சர் ஒரு தட்டு முழுக்கத் துடைத்து முடித்தார்கள். "அதுவும்தான்க்கா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா மொத நாள் நீங்க ஜன்னல்ல வந்து நின்னீங்க. உங்க மொகத்தப் பாத்தேன்."

"எம்மொகத்துல இன்னா இருந்துச்சு?"

"சிரிச்சீங்கக்கா."

நான் தட்டை ஓங்கி வைத்தேன். "ரிங்கிய அதும் பேர்லயே சேத்திருந்தா உங்களுக்கு ஒரு தல கூடத்தான கெடச்சிருக்கும்?"

"சேத்தா அது பேருக்குத்தான அது பதில் சொல்லும்? அப்போ பிரதிக்ஷான்னா யாரு சொல்லுவாக்கா? நீங்க குழாய நிறுத்திட்டுக் கேக்கறீங்க. பேர எடுக்கணும்னா உங்ககிட்டதான் பேப்பர் கேக்கணும். எச்.எம். அம்மா எத்தன தடவ வந்தாங்க."

"உப்புப் பாக்க வந்தாங்க."

"உப்புப் பாக்கவாக்கா வந்தாங்க?"

டீச்சர் எழுந்து போய்விட்டார்கள். நான் சிரிக்கவில்லை, சுண்டக்கா. கத்தி விழுந்தது, அது ஞாபகம் இருக்கிறது. டீச்சர் வேலைக்காகச் சொல்கிறார்கள்.

ஜூலை 30, செவ்வாய்

கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஜூலை 31, புதன்

லீவு எடுக்கவில்லை. எடுக்கச் சொன்னதால் எடுக்கவில்லை.

ஆபீசர் சின்ன வயசுக்காரர்தான். ஒவ்வொரு வகுப்பாக, தானே பேர் கூப்பிட்டுத் தலையை எண்ணிக்கொண்டு வந்தார். பாக்கியம் அக்கா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றது. விசில் சத்தத்தில் ஒன்றும் கேட்காத அக்கா.

பவித்ரா. உள்ளேன் ஐயா. இன்றைக்கு 'ஐயா' சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

பிரதிக்ஷா.

"உல்லேன் அம்மா."

வகுப்பே சிரித்தது. ஆபீசரும் சிரித்தார். "நான் அம்மாவா? எழுந்திரு. உன் பேர் சொல்லு."

அது எழுந்து நின்றது.

"பேர் என்னம்மா?"

முகேஷ்தான் கத்தினான். "அவ பேரு உள்ளேன் சார்!"

இப்போது ஆபீசர் சிரிக்கவில்லை. டீச்சரைப் பார்த்தார், எச்.எம். அம்மாவைப் பார்த்தார். "பிரதிக்ஷாவோட அம்மா யாரு?" ரெண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஜன்னலைக் காட்டியது. "சமையல் ஆயாதான் சார் பிரதிக்ஷா அம்மா. தோ நிக்குது."

கூப்பிட்டார். கையைக்கூடத் துடைக்காமல் போய் நின்றேன். உன் வகுப்புக்குள் நான் கால் வைத்தது இன்றைக்குத்தான். மீன் நான் நினைத்ததைவிடப் பெரிசாக இருந்தது.

"இது உங்க பொண்ணாம்மா?"

தலையை ஆட்டினால் போதும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எச்.எம். அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள், துடைக்கவில்லை. ஆட்டினால் நாளைக்கும் கூப்பிடுவார்கள். நாளை மறுநாளும். நீ நாலாம் வகுப்புக்குப் போவாய். அஞ்சாம் வகுப்புக்கும் போவாய்.

ரிங்கி என்னையே பார்த்தது. முட்டை இல்லாத நாளில் தட்டோடு நிற்குமே, அதே மாதிரி நின்றது.

"இல்லீங்க" என்றேன். "எம்பொண்ணு மே மாசமே செத்துட்டா. காமாலையில. இது ரிங்கி. மொதல்ல இது பேர எழுதிக்குங்க. வந்த நாளா எப்ப கூப்புடுவாங்கன்னு குந்திக்கினு இருக்குது."

அந்த வார்த்தையை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதியதில்லை. சொல்லிவிட்டேன்.

ஆபீசர் எச்.எம். அம்மா பக்கம் திரும்பினார். "இறந்த பிள்ளைக்கா மேடம் தினமும் பிரசன்ட்?"

அவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். நான்தான் சொன்னேன். "பேப்பரு குடுத்தாத்தான சார் பேர எடுப்பாங்க? நான்தான் குடுக்கல."

"ஏன் குடுக்கலை?"

"முட்டி வலிங்க."

யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள்கூட.

ரிங்கியை இன்றைக்கே சேர்க்கச் சொல்லிவிட்டார். பபிதா தலையில் சிமெண்டோடு ஓடி வந்து கைநாட்டு வைத்தது. ஒன்று போனது, ஒன்று வந்தது, அதே அறுபத்தொன்றுதான். ஹெப்சிபா டீச்சர் இருப்பார்கள். எச்.எம். அம்மாவுக்கு மெமோ வரலாம் என்று பாக்கியம் அக்கா சொல்கிறது. போகும்போது எச்.எம். அம்மா சமையல்கட்டு வாசலில் நின்றார்கள். உப்புப் பார்க்கவில்லை. என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்கள். நன்றியா, கோபமா? எனக்கு அந்தக் கையை நம்பவும் முடியவில்லை, தட்டிவிடவும் முடியவில்லை.

சாயங்காலம் உன் அப்பாவோடு வார்டு ஆபீசுக்குப் போனேன். ஆட்டோவில் முன்னால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். இறப்புப் பேப்பரில் க்ஷ-வைத் தப்பாக அடித்திருந்தார்கள். திருத்தச் சொன்னேன். எப்படி வரும் என்று அந்த ஆள் கேட்டான். எழுதிக் காட்டினேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

காலையில் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலிடம் போகக்கூடாது என்று இருந்தேன். போனேன். குழாயை மூடினேன்.

பவித்ரா. உள்ளேன் அம்மா.

டீச்சர் கொஞ்சம் நின்றார்கள். "உல்லே..." என்று ஒரு குரல் ஆரம்பித்தது. "ஏய், உன் பேரு கடைசீலடி" என்று யாரோ அடக்கினார்கள். முகேஷ். உள்ளேன் அம்மா. அப்படியே போய்க்கொண்டே இருந்தது. பவித்ராவும் முகேஷும் இப்போது அடுத்தடுத்து.

கடைசியாக டீச்சர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டார்கள். "ரிங்கி குமாரி."

"உல்லேன் அம்மா!"

என்ன சத்தம் தெரியுமா? சிலிண்டருக்குப் பின்னால் பூனைக்குட்டிகள் சிதறி ஓடின. டீச்சர் பழக்கத்தில் சொல்லிவிட்டார்கள், "ஏன் கத்தற, சமையல்கட்டு வரைக்கும் கேக்குது" என்று. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். நான் குனிந்துகொண்டேன்.

டீச்சருக்கும் 'அம்மா'தான், எனக்கும் 'அம்மா'தான். இத்தனை நாள் எனக்கு இது தோன்றவே இல்லை. டீச்சர் உனக்கு எதிரிலேயேதான் நின்றார்கள், மெதுவாகச் சொன்னாலே கேட்டிருக்கும். தினமும் திட்டு வாங்கிக்கொண்டு, சுவருக்கு இந்தப் பக்கம் வருகிற மாதிரி அத்தனை சத்தமாக உள்ளேன் அம்மா என்றாயே, சுண்டக்கா, அது எந்த அம்மாவுக்கு?